பட்ட மரமல்ல, டாமராக்!

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் தோட்டத்துடன் கூடிய வீட்டை வாங்கிக் குடியேறுபவர்களில் சிலர் முதல் ஆண்டிலேயே ஒரு தவறைச் செய்துவிடுகிறார்கள். கோடை முழுவதும் பசுமையாக நின்ற ஓர் ஊசியிலை மரம் அக்டோபர் மாதத்தில் மஞ்சளாக மாறுகிறது. நவம்பரில் ஓர் இலைகூட இன்றி மொட்டையாகிறது. பக்கத்தில் நிற்கும் பைன் மரமும் ஸ்புரூஸ் மரமும் எப்போதும் போலப் பச்சையாக இருக்கின்றன. 'இது பட்டுவிட்டது' என்று முடிவு செய்து, ஆள் வைத்து வெட்டி விடுகிறார்கள். வெட்டிய கிளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பட்டைக்கு அடியில் பச்சை மாறாமல் இருக்கிறது! மரம் சாகவில்லை. குளிர்காலத்திற்காக இலையை உதிர்த்துவிட்டு ஓய்வில் இருந்திருக்கிறது.

அந்த மரத்தின் பெயர் டாமராக். லார்ச் என்ற இனத்தைச் சேர்ந்தது. தாவர இயலில் லாரிக்ஸ் லாரிசினா என்று வழங்கப்படுகிறது. கனடாவில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் சொந்த வீடும் தோட்டமுமாக வாழ்கின்ற ஒன்டாரியோ மாநிலமும் இம்மரத்தின் தாயகங்களில் ஒன்றாகும். ஆகவே, இதன் இயல்பை அறிந்து வைத்திருப்பது அங்கே இருப்போருக்கு உடனடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு செடியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் தேவையை முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை இம்மரத்தைப் போல எடுத்துக்காட்டுவது வேறு இல்லை எனலாம்.

ஊசியிலை உண்டு, ஆனால் நிலைப்பதில்லை

கூம்பு போன்ற காய்களைத் தரும் மரங்களில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பவை. குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்ப்பவை சிலவே. லார்ச் இனங்கள், சீனாவின் பொன் லார்ச், மெட்டாசெக்கோயா, அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்புகளில் வளரும் மொட்டை சைப்ரஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. லார்ச் இனங்களில் ஒன்று நமது நாட்டிலும் உண்டு. சிக்கிம் பகுதியிலும், அதை அடுத்த கிழக்கு நேபாளம், பூடான் ஆகிய நாடுகளிலும் இமயமலையின் உயர்ந்த சரிவுகளில் அது வளர்கிறது.

டாமராக்கின் தாயகம் மிகவும் பரந்தது. கிழக்கே நியூபவுண்ட்லாந்து, லாப்ரடார் தொடங்கி கனடாவின் குறுக்கே மேற்கு வரை பரவி, அலாஸ்காவின் உட்பகுதியிலும் தனியாக ஒரு கூட்டமாகக் காணப்படுகிறது. தெற்கே மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், நியூயார்க், பென்சில்வேனியா வரை வருகிறது. மேரிலாந்துக்கும் மேற்கு வர்ஜீனியாவுக்கும் எல்லையில் உள்ள கிரேன்ஸ்வில் சதுப்பில் அதன் தென்கோடிக் கூட்டங்களில் ஒன்று தனித்து நிற்கிறது. சுற்றிலும் மலைகள் சூழ்ந்த பள்ளம் அது. கனமான குளிர்ந்த காற்று அங்கே இறங்கித் தங்கிவிடுவதால், வடக்கே உள்ள தட்பவெப்ப நிலை அந்தச் சிறு பள்ளத்தில் மட்டும் நிலவுகிறது. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்கள் 1999-ஆம் ஆண்டில் டாமராக்கைத் தமது அதிகாரபூர்வமான மரமாக ஏற்றுக் கொண்டன.

உறைநிலைக்குக் கீழே 60 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குக் குளிர் இறங்கும் இடங்களிலும் இது உயிர் பிழைக்கிறது. ஆனால் வெப்ப நாட்டுச் சமவெளிக்கு இது சிறிதும் ஏற்றதல்ல. நீண்ட குளிர்கால ஓய்வு இல்லாவிட்டால் இம்மரம் தேறாது.

மரத்தின் தோற்றம்

நல்ல நிலத்தில் 15 முதல் 20 மீட்டர் உயரம் வரை நேராக, ஒடுங்கிய கூம்பு வடிவில் வளரும். அடிமரம் அரை மீட்டர் குறுக்களவை எட்டும். இலை மெல்லிய ஊசி. 2 முதல் 3 செ.மீ. நீளம். பைன் மரத்து ஊசியைப் போலக் கையைக் குத்தாது, மிருதுவாக இருக்கும். புதிதாக நீளும் கிளையில் ஊசிகள் தனித்தனியாகச் சுற்றி அமைந்திருக்கும். பழைய கிளையில் சிறு முண்டு போன்ற குட்டைக் கிளைகளின் நுனியில் கொத்துக் கொத்தாக விரியும்.

ஆண், பெண் பூங்கதிர்கள் இரண்டும் ஒரே மரத்தில் உண்டாகும். வசந்தத்தில் பெண் கூம்புகள் சிவப்பாகத் தோன்றி, முதிரும்போது பழுப்பாகும். முதிர்ந்த கூம்பு 1 முதல் 2 செ.மீ. அளவே இருக்கும். லார்ச் இனங்களில் மிகச் சிறிய கூம்பு இதுவேயாகும். நாற்றுப் பண்ணைகளில் ஐரோப்பிய லார்ச்சும் விற்கப்படுவதால், எது எது என்று பிரித்தறிய இந்த அடையாளம் உதவும். ஐரோப்பிய லார்ச்சின் கூம்பு இதைவிடப் பெரியது. மரமும் மிக உயரமாக வளரும். ஈரமான இடத்திற்கு வாங்குபவர்கள் டாமராக்கைக் கேட்டு வாங்குவதே நல்லது.

சாதாரணமாக இம்மரம் 150 முதல் 180 ஆண்டுகள் வரை வாழும்.

இலையை ஏன் உதிர்க்கிறது?

வடக்கே குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்துவிடும். வேர் நீரை உறிஞ்ச முடியாது. ஆனால் வெயிலும் காற்றும் படும் இலையிலிருந்து நீர் ஆவியாகிக் கொண்டே இருக்கும். வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கும் காலம் அது. பைனும் ஸ்புரூஸும் தமது ஊசிகளைத் தடித்த தோலும் மெழுகுப் பூச்சும் உடையனவாக அமைத்துக் கொண்டு இந்தச் செலவைக் குறைக்கின்றன. டாமராக் வேறு வழியைக் கையாள்கிறது. இலையையே விட்டு விடுகிறது.

விடுவதற்கு முன்னால் ஒரு வேலை நடக்கிறது. இலையிலுள்ள தழைச்சத்தில் பெரும் பங்கை மரம் திரும்ப எடுத்துக் கிளையிலும் தண்டிலும் சேமித்துக் கொள்கிறது. பச்சையம் சிதைந்து மறைய, மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. இலையுதிர் காலத்தில் மரம் முழுவதும் பொன் நிறமாகத் தோன்றுவது இதனாலேயே. சத்துக் குறைந்த சதுப்பு நிலத்தில், ஒருமுறை கிடைத்த தழைச்சத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த இந்தச் சிக்கனம் உதவுகிறது. இலையில்லாத கிளையில் பனி அதிகம் தங்குவதில்லை. ஆகவே பாரம் தாங்காமல் கிளை முறிவதும் குறைவு.

இந்த ஏற்பாட்டிற்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு வசந்தத்திலும் இலை முழுவதையும் புதிதாக உண்டாக்க வேண்டும். குறுகிய கோடைக்குள் அந்தச் செலவை ஈடுசெய்து, வளர்ச்சிக்கும் சேமிக்க வேண்டும். இதற்கு முழு வெயில் தேவை. நிழலில் டாமராக் நிலைக்காது. நிழல் விழும் பக்கத்துக் கிளைகள் காய்ந்து விழுந்துவிடும். இம்மரத்தைப் பற்றி நினைவில் வைக்க வேண்டிய முதல் விதி இதுவே: ஈரம் குறைந்தாலும் பிழைக்கும்; வெயில் குறைந்தால் பிழைக்காது.

சதுப்பு நிலம் அதன் விருப்பமா?

டாமராக் காணப்படும் இடங்கள் பெரும்பாலும் பாசிச் சதுப்புகள். ஸ்பேக்னம் என்ற பாசி அடுக்கடுக்காக வளர்ந்து, அரைகுறையாக மக்கி, பல அடி ஆழத்திற்குப் பீட் எனப்படும் கரிய பஞ்சு போன்ற மண்ணாகத் தேங்கியிருக்கும். அம்மண் புளிப்புத் தன்மை உடையது. காற்றோட்டம் இல்லை. சத்து மிகக் குறைவு. அங்கே நிற்கும் மரத்தைப் பார்ப்பவர்கள், 'இதற்குச் சேறும் தேங்கிய நீரும்தான் பிடிக்கும்' என்று நினைப்பது இயல்பே. ஆனால் அது சரியன்று.

சதுப்பிலுள்ள டாமராக் மிக மெதுவாக வளர்கிறது. நூறு வயதைத் தாண்டியும் இரு கைகளால் வளைத்துப் பிடிக்கும் பருமனிலேயே நிற்கும் மரங்கள் உண்டு. அதே மரத்தை ஈரம் தாங்கும், வடிகால் வசதியுள்ள இருபொறை மண்ணில் நட்டால் இளமையில் வெகு வேகமாக வளர்கிறது. வடக்கின் ஊசியிலை மரங்களில் இளமைக் காலத்தில் இதற்கு ஈடாக வளர்பவை குறைவு. அப்படியானால் நல்ல நிலத்தை விட்டுவிட்டு ஏன் சதுப்பில் போய் நிற்கிறது? நல்ல நிலத்தில் மற்ற மரங்களும் நன்றாக வளர்ந்து நிழல் தட்டி இதை அழித்துவிடுகின்றன. சதுப்பில் அந்தப் போட்டி இல்லை. வெயில் தாராளமாகக் கிடைக்கிறது. மற்றவை வாழ முடியாத இடத்தில் இது பொறுத்துக் கொண்டு வாழ்கிறது. அவ்வளவே. பொறுத்துக் கொள்வது வேறு, விரும்புவது வேறு.

இந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. இதன் வேர்கள் ஆழமாகச் செல்லாமல், ஈரத்திற்கு மேலே உள்ள மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் பரவுகின்றன. பாசி உயர உயர, புதைந்த தண்டிலிருந்து புதிய வேர்கள் மேலே கிளம்புகின்றன. நீர்மட்டம் மெல்ல உயர்ந்தால் மரம் சமாளித்துக் கொள்ளும். திடீரென்று உயர்ந்து தேங்கி நின்றால் வேர் மூச்சுத் திணறி மரம் செத்துவிடும். சதுப்பின் குறுக்கே சரியான மதகு வைக்காமல் சாலை போட்ட இடங்களிலும், பீவர் என்ற பிராணி ஓடையை அடைத்து அணை கட்டிய இடங்களிலும் டாமராக் கூட்டம் கூட்டமாக மடிந்திருக்கிறது. சதுப்பு மரத்தையும் நீர் கொல்லும் என்பதைத் தோட்டம் போடுவோர் மறக்கக் கூடாது.

தோட்டத்தில் எங்கே பயன்படும்?

வீட்டு மனையில் எப்போதும் ஈரம் தங்கும் மூலை ஒன்று இருக்கும். புல்வெளியும் சரியாக வராது, பைனும் தேறாது. அத்தகைய இடத்திற்கு டாமராக் மிகவும் ஏற்றது. குளக்கரை, ஓடைக்கரை, மழைநீர் வந்து சேரும் தாழ்வான பகுதி ஆகிய இடங்களிலும் நடலாம்.

இதன் அழகு நான்கு பருவத்திலும் மாறும். வசந்தத்தில் இளம் பச்சை, கோடையில் நீலம் கலந்த பச்சை, அக்டோபரில் பொன், குளிர்காலத்தில் கூம்புகள் ஒட்டிய வெறுங்கிளை. பின்னால் கரும்பச்சையான ஸ்புரூஸ் அல்லது பைன் மரங்கள் இருந்தால் பொன்நிறம் எடுப்பாகத் தெரியும். ஆனால் அந்த மரங்களின் நிழல் இதன்மேல் விழாதபடி வடக்குப் பக்கத்தில் அவை அமையுமாறு பார்த்துக் கொள்ள வேண்டும். அருகில் சிவப்புத் தண்டு டாக்வுட் என்ற புதர்ச் செடியை நட்டால் பனிக்காலத்திலும் தோட்டம் வெறிச்சோடாது.

இதன் நிழல் அடர்த்தியற்றது. வசந்தத்தில் இலை முழுவதும் விரிவதற்கு முன்பே பூத்து முடியும் டாபடில் போன்ற கிழங்குப் பூச்செடிகளை அடியில் வளர்க்கலாம். மண் புளிப்பாக இருந்தால் புளூபெரி, கிரான்பெரி போன்ற பழச் செடிகளும் உடன் வளரும். இயற்கையிலும் இவற்றின் உறவுச் செடிகளே டாமராக்கின் காலடியில் காணப்படுகின்றன. உதிரும் ஊசிகள் மிகச் சிறியவை ஆகையால் வாரிக் கொட்டும் வேலை குறைவு. அப்படியே விட்டால் நல்ல மூடாக்காகும். ஆனால் கூரைக்கு மிக அருகில் நட்டால் மழைநீர்த் தாரைகளை ஊசிகள் அடைத்துவிடும்.

இடம் குறைவாக உள்ளவர்கள் 'நியூபோர்ட் பியூட்டி' போன்ற குட்டை வகைகளைப் பாறைத் தோட்டத்தில் வளர்க்கலாம். தொட்டியில் குறுக்கி வளர்க்கும் போன்சாய் முறைக்கும் டாமராக் பெயர் பெற்றது. சிறிய இலை, சிறிய கூம்பு, வளைக்க இணங்கும் கிளை, பருவந்தோறும் நிறமாற்றம் ஆகிய எல்லாம் இதில் அமைந்திருக்கின்றன. இதற்காகப் பொதுச் சதுப்புகளில் அனுமதியின்றி மரங்களைத் தோண்டி எடுப்பது குற்றமாகும். பண்ணையில் வளர்த்த கன்றையே வாங்க வேண்டும்.

வறண்ட மேட்டுநிலம், புகை மிகுந்த நகரச் சாலையோரம் ஆகியவற்றிற்கு இம்மரம் ஏற்றதல்ல.

நடும் முறை

1. மண் உறைபனி நீங்கியதும், மொட்டு விரிவதற்கு முன் நட வேண்டும். லார்ச் மரங்கள் வசந்தத்தில் முந்திக் கொண்டு தளிர்ப்பவை. ஆகவே தாமதம் கூடாது. இலை உதிர்ந்த பின், மண் உறைவதற்கு முன்னும் நடலாம்.

2. நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். கட்டடத்திலிருந்து 5 மீட்டராவது தள்ளி நடுவது நல்லது. மூன்று அல்லது ஐந்து மரங்களைக் கூட்டமாக நடுவதானால் மரத்துக்கு மரம் 4 முதல் 5 மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

3. குழியின் அகலம் வேர்த்திரளின் அகலத்தைப் போல் இரு மடங்கு இருக்கட்டும். ஆழம் வேர்த்திரளின் உயரத்திற்கு மேல் வேண்டாம். தண்டு வேராக விரியும் இடம் மண்மட்டத்திற்குக் கீழே போகக் கூடாது.

4. மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடமானால், ஓரடி உயரத்திற்கு மண்ணை மேடாக்கி அதன் மேல் நட வேண்டும். வேர் மேட்டில் மூச்சுவிடும். பிறகு தானே ஈரத்தைத் தேடிச் செல்லும்.

5. வேரைச் சுற்றி 5 முதல் 8 செ.மீ. கனத்திற்கு மரப்பட்டைத் தூள் அல்லது மக்கிய இலைகளால் மூடாக்கு இட வேண்டும். அது தண்டைத் தொடக் கூடாது.

6. முதல் இரண்டு கோடையிலும் மண் காயாமல் நீர் விட வேண்டும். முதல் ஆண்டில் உரம் தேவையில்லை.

7. மரம் தானாகவே நேராக வளர்வதால் கவாத்து அதிகம் தேவைப்படாது. காய்ந்த, முறிந்த கிளைகளை மட்டும் குளிர்கால ஓய்வில் நீக்கலாம். நுனிக் குருத்தை வெட்டக் கூடாது.

விதையிலிருந்தும் கன்று உண்டாக்கலாம். கூம்பு பழுப்பாகி விரியும் முன் சேகரித்து உலர்த்தினால், சிறகுள்ள சிறு விதைகள் உதிரும். இயற்கையில் இவை ஒரு குளிர்காலம் ஈரமண்ணில் கிடந்த பிறகே முளைக்கின்றன. எனவே விதையை ஈர மணலில் கலந்து சில வாரங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, பின்பு விதைக்க வேண்டும். நாற்றங்காலிலும் வெயில் தேவை. விதையை எலிகளும், நாற்றை முயல்களும் தின்று பெரும் சேதம் விளைவிப்பதால் கம்பிவலைப் பாதுகாப்பு அவசியம். வளர்ந்த மரத்தின் பட்டையை முள்ளம்பன்றி உரித்துத் தின்னும். அடிமரத்தில் தகரப் பட்டை சுற்றி இதைத் தடுக்கலாம்.

ரம்ப ஈயும் மூஞ்சூறும்

டாமராக்கிற்கு நெடுங்காலமாகப் பெரும் எதிரியாக இருந்து வருவது லார்ச் ரம்ப ஈ ஆகும். பெண் ஈ ரம்பம் போன்ற உறுப்பால் இளங்குருத்தைக் கீறி முட்டையிடும். குருத்து அந்தப் பக்கமாகச் சுருண்டுவிடும். கருந்தலையும் சாம்பல் கலந்த பச்சை உடலும் கொண்ட புழுக்கள் கூட்டமாக இலைக்கொத்துகளைத் தின்று தீர்க்கும். பிறகு கீழே விழுந்து பாசிக்குள் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும்.

அமெரிக்காவில் 1880-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் கிழக்குக் கனடாவிலும் ஏரி மாநிலங்களிலும் பரவி, முதிர்ந்த டாமராக் காடுகளைப் பெருமளவில் அழித்தது. ஓர் ஆண்டு இலையை இழந்தால் மரம் மீண்டும் தளிர்க்கும். இலையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் இயல்பு இங்கே கைகொடுக்கிறது. ஆனால் ஆறு முதல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து இலையை இழந்தால் சேமிப்பு தீர்ந்து மரம் மடிந்துவிடும்.

கனடா அரசு 1910 முதல் 1913 வரை இங்கிலாந்திலிருந்து மெசோலியஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து விட்டது. அது புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொன்றது. சில காலம் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் பின்னர் ரம்ப ஈயின் ஒரு வகை, உடலுக்குள் இடப்பட்ட ஒட்டுண்ணியின் முட்டையைச் சுற்றி உறை கட்டி அதை அழிக்கும் திறனைப் பெற்றுவிட்டது. எனவே 1961-இல் ஐரோப்பாவிலிருந்து ஒலெசிகாம்பே என்ற வேறொரு ஒட்டுண்ணி மானிடோபா மாநிலத்தில் விடப்பட்டது. நியூபவுண்ட்லாந்து தீவிலோ 1958-இல் வேறு வழி முயலப்பட்டது. அத்தீவில் மூஞ்சூறு இனமே இல்லை. பாசிக்குள் கிடக்கும் கூடுகளைத் தேடித் தின்பதற்காகவே நியூ பிரன்ஸ்விக் மாநிலத்திலிருந்து மூஞ்சூறுகள் கொண்டுவந்து விடப்பட்டன. அவை தீவு முழுவதும் பரவிவிட்டன. ஒரு பூச்சியை அடக்க ஒரே வழியை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இந்த வரலாறு சான்றாகும்.

வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு மரங்களே இருப்பதால் ஜூன் மாதம் முதல் கிளைகளைக் கவனித்து, சுருண்ட குருத்துகளையும் புழுக் கூட்டங்களையும் கையால் கிள்ளி அழித்தாலே போதும். ஊசியைக் குடைந்து, காய்ந்த ஊசித் துண்டையே கூடாகச் சுமந்து திரியும் சிறு கூண்டுப்புழுவும் உண்டு. 1886-இல் மாசசூசெட்ஸில் கண்டறியப்பட்ட இது ஐரோப்பாவிலிருந்து வந்தது. வசந்தத்தில் மரம் கருகியது போல் தோன்றினாலும் பெரும்பாலும் மீண்டும் தளிர்த்துவிடும்.

பட்டை வண்டு: இப்போதைய ஆபத்து

இன்று அதிகக் கவலை தருவது கிழக்கு லார்ச் பட்டை வண்டு. அரிசி மணியளவே உள்ள இப்பழுப்பு வண்டு டாமராக்கின் சொந்த மண்ணைச் சேர்ந்ததே. முன்பெல்லாம் வெள்ளத்தாலோ முதுமையாலோ நலிந்த மரங்களை மட்டும் தாக்கி வந்தது. மினசோட்டா மாநிலத்தில் 2001-ஆம் ஆண்டளவில் தொடங்கிய தாக்குதல் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓயவில்லை. அம்மாநிலத்து டாமராக் காடுகளில் பாதிக்கு மேல் அதனால் பாதிக்கப்பட்டுள்ளன.

காரணத்தை மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். வழக்கமாக ஆண்டுக்கு ஒரு தலைமுறையே முதிரும். வசந்தம் முந்தியும் கோடை நீண்டும் வருவதால், சில ஆண்டுகளில் இரண்டாவது கூட்டமும் முதிர்ச்சியடைந்து விடுகிறது. குளிரை வெல்லக் கற்ற மரத்திற்கு, குளிர் குறைவதே ஆபத்தாக முடிந்திருக்கிறது!

ஆகவே டாமராக்கின் மஞ்சளில் இரண்டு வகை உண்டு என்று அறிய வேண்டும். செப்டம்பர் இறுதி, அக்டோபரில் மரம் முழுவதும் ஒரே சீராகப் பொன்னிறமானால் அது இயல்பு. ஆகஸ்டிலேயே கீழ்க்கிளைகளிலிருந்து தொடங்கி மஞ்சளானால் அது நோய்க்குறி. அடிமரத்தில் பிசின் வடிகிறதா, பட்டை இடுக்குகளில் செந்தூள் தெரிகிறதா, மரங்கொத்திகள் பட்டையைச் செதிள் செதிளாகப் பெயர்த்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த அறிகுறிகள் இருந்தால் மரத்தைக் காப்பாற்றுவது அரிது. குளிர்காலத்திலேயே வெட்டி, பட்டையை உரித்து எரித்துவிட வேண்டும். வண்டுகள் பட்டைக்கடியில் தங்கியிருந்து வசந்தத்தில் கிளம்புவதால், வெட்டிய கட்டையை விறகாக அடுக்கி வைத்தால் பக்கத்து மரங்களுக்கும் பரவும்.

கோடரி எடுக்குமுன்

டாமராக் மரக்கட்டை கனமானது. ஈரத்தில் எளிதில் மக்காது. வேலிக்கால், கம்பம், ரயில் பாதைக் கட்டை ஆகியவற்றிற்கு இது பெரிதும் பயன்பட்டது. அடிமரமும் வேரும் சேரும் இடத்தில் இயற்கையாகவே அமைந்த வளைவை, மரக்கப்பல் கட்டுவோர் மூலைதாங்கியாகப் பயன்படுத்தினர். பனியில் நடப்பதற்கான காலணிச் சட்டங்களைப் பழங்குடி மக்கள் இதில் செய்தார்கள். ஜேம்ஸ் விரிகுடாப் பகுதி க்ரீ மக்கள் இதன் சுள்ளிகளைக் கட்டி வாத்து வேட்டைக்கான பொய்வாத்துகளை இன்றும் செய்கிறார்கள். வெண்சிறகுக் கிராஸ்பில் குருவியும் செவ்வணிலும் இதன் விதையை உண்கின்றன. இவ்வளவு பயனுள்ள மரத்தை அறியாமையால் இழப்பது வருந்தத்தக்கது.

குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் மரம் உயிருள்ளதா என்று அறிவது எளிது. முதலாவதாக, கிளையில் முண்டுமுண்டாகக் குட்டைக் கிளைகளும் அவற்றின் நுனியில் உருண்டையான சிறு மொட்டுகளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பட்டுப்போன ஸ்புரூஸிலோ பைனிலோ இத்தகைய முண்டுகள் இரா. இரண்டாவதாக, சுண்டுவிரல் பருமனுள்ள கிளையின் பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பார்க்க வேண்டும். அடியில் பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாகக் காய்ந்திருந்தால் வேறு கிளைகளிலும் சோதிக்க வேண்டும். மூன்றாவதாக, சிறு கிளையை மெல்ல வளைத்தால் உயிருள்ளது வளையும். பட்டது படக்கென்று ஒடியும். உறைந்த நாளில் உயிருள்ள கிளையும் ஒடியக் கூடுமாதலால், பனி இளகிய நாளில் இதைச் செய்வது நல்லது.

பட்டை வண்டின் அறிகுறி எதுவும் இல்லாத மரமானால், இச்சோதனைகளுக்குப் பின்னும் ஐயம் நீங்காதபோது மே மாத இறுதி வரை பொறுத்திருக்கலாம். வட கனடாவில் இன்னும் சில நாள் கூட ஆகும். உயிருள்ள டாமராக், முண்டுகளிலிருந்து தூரிகை முனை போன்ற இளம்பச்சைக் கொத்துகளை விரித்து, தானே பதில் சொல்லிவிடும். அதுவரை கோடரியைக் கொட்டகையிலேயே வைத்திருப்பது நல்லது.